பத்து மாதமாகியும் யாரும் வீட்டுக்கு அழைக்கவில்லை: ஜெர்மனியின் சிற்றூரிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: எனக்கு வயது 31. முதுகலைக் கணிதம் படித்துப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவள். என் கணவர் தென் ஜெர்மனியில், டுட்லிங்கன் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றில் பொறியாளராக இருக்கிறார். அவர் நீல அட்டை எனப்படும், உயர்தகுதிப் பணியாளருக்கான வசிப்பு அனுமதியில் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நானும் இரண்டரை வயது மகளும் சென்ற டிசம்பரில் வந்து சேர்ந்தோம். என் வசிப்பு அனுமதி ஜனவரி இறுதியில் கிடைத்தது. காலை ஆறரைக்கு அவர் கிளம்பினால் மாலை ஐந்தரை வரை நானும் குழந்தையும்தான். தெருவில் பார்ப்பவர்கள் வணக்கம் சொல்கிறார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இதுவரை ஒருவர்கூட வீட்டுக்கு அழைக்கவில்லை. ஒருநாள் எங்கள் கதவுப் பிடியில் யாரோ ஒரு மரப்பலகையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எதுவும் புரியாமல் அதை எடுத்துப் படிக்கட்டு ஜன்னலில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டு மூதாட்டி வந்து, படிக்கட்டைக் காட்டி வேகவேகமாக ஏதோ சொன்னார். அவர் போனபின் வெகுநேரம் அழுதேன். ஊரிலுள்ள அம்மாவோடும் அக்காவோடும் பேசுவதுதான் ஒரே ஆறுதல். மதியத் தூக்கத்திலிருந்து குழந்தை எழுந்ததும் தொடங்கினால் இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பேன். ‘மொழியைக் கற்றுக்கொள், எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார் கணவர். என்னிடம்தான் ஏதோ குறையா? எங்கள் நிறம்தான் காரணமா? தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கு மாறிவிடலாமா? இன்னொரு குளிர்காலத்தை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஜெர்மனி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன், காலக்கெடு உள்ள ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கைநழுவினால் மீட்பது கடினம். ஜெர்மனியில் குடும்ப இணைப்பின் அடிப்படையில் முதன்முறையாக நீண்டகால வசிப்பு அனுமதி பெறுபவருக்கு, அரசு மானியத்தோடு நடக்கும் ஒருங்கிணைப்புப் பாடநெறியில் சேரச் சட்டப்படி உரிமை உண்டு. 45 நிமிட வகுப்புகளாக 700; அவற்றில் 600 மொழிக்கு, 100 நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை ஆகியவற்றுக்கு. ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் ஐரோப்பிய மொழித்தேர்ச்சிப் படிகளில் மூன்றாவதான பி1 நிலையை எட்டுவதே இதன் இலக்கு. ஆனால் இந்த உரிமை, அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டில் காலாவதியாகிவிடும். உங்கள் அனுமதி ஜனவரி இறுதியில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எஞ்சியிருப்பது மூன்று மாதத்துக்கும் குறைவு. உங்களுடையது போன்ற சிற்றூர்களுக்கு அயல்நாட்டவர் அலுவலகம் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் டுட்லிங்கனில் இருக்கிறது. இந்த வாரமே அங்கு எழுதி, உரிமைச் சான்றை எழுத்துமூலம் கேளுங்கள்.

அங்கே ஒரு தடை வரலாம். பட்டதாரிகளுக்கு இப்பாடநெறி தேவைப்படாது என்று கருத விதிமுறையில் இடம் உண்டு. ஜெர்மன் தெரியாததால் உங்கள் படிப்புக்கு ஏற்ற வேலை தேட முடியவில்லை என்பதே அதற்குச் சரியான மறுமொழி. விதிமுறையே அந்த விலக்கை ஏற்கிறது. கடிதத்தை நீங்கள் தனியாக எழுத வேண்டியதில்லை. கரித்தாஸ், டியாகோனி, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகள், கூட்டாட்சி அரசின் நிதியுதவியோடு, வயதுவந்த குடிபெயர்ந்தோருக்கான ஆலோசனை மையங்களைக் கட்டணமின்றி நடத்துகின்றன. அவற்றின் ஆலோசகர்களை ‘எம்பியான்’ என்ற செயலி வழியாக எழுத்து உரையாடலிலும் அணுகலாம். படிவம் நிரப்புவது, வகுப்பு எந்த ஊரில் நடக்கிறது என்று பார்ப்பது, பேருந்து நேரத்தோடு அது ஒத்துவருமா என்று கணக்கிடுவது எல்லாம் அவர்களுடைய அன்றாட வேலை. உங்கள் ஊரில் வகுப்பே இல்லாவிட்டால், இணையவழி வகுப்புகள் உண்டா என்றும் கேளுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் குறை இருப்பதற்கான அறிகுறி எதையும் உங்கள் கடிதத்தில் நான் காணவில்லை. ஒரு பெருநகரத்தில் பழகும் முறையை எதிர்பார்த்து, முற்றிலும் வேறு விதமாக ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் ஓர் ஊரில் நீங்கள் காத்திருக்கிறீர்கள். சிற்றூருக்குப் புதிதாகக் குடிவந்து தனித்துப்போகும் பெரும்பாலோரின் துயரம் இந்தக் காத்திருப்பிலிருந்தே தொடங்குகிறது என்பது என் தொழிலில் நான் அறிந்த செய்தி.

தென் ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் முப்பது வயதுப் பெண் ஒருவரின் வாரம் எப்படி நிறைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திங்கள் மாலை பாடகர் குழு, புதன் உடற்பயிற்சிச் சங்கம், வெள்ளி இரவு கணவருக்குத் தீயணைப்புப் படைப் பயிற்சி, ஞாயிறு பெற்றோர் வீட்டு மதிய உணவு. அவருடைய நெருங்கிய தோழியர் மழலையர் பள்ளியிலிருந்து உடன் வருபவர்கள். அவர் உங்களை வெறுக்கவில்லை. அவர் வீட்டு மேசையில் காலி நாற்காலி இல்லை, அவ்வளவுதான். ஆனால் அதே ஊரின் சங்கங்களில் எந்நேரமும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. ஜெர்மனியில் ஏறத்தாழ 6 லட்சம் பதிவுபெற்ற சங்கங்கள் உள்ளன. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். பெருநகரங்களைத் தவிர மற்ற இடங்களில் தீயணைப்பு வேலையையே தொண்டர்கள்தான் செய்கிறார்கள். பகலில் தச்சராகவோ வங்கி ஊழியராகவோ இருப்பவர், அழைப்பொலி கேட்டதும் சீருடை மாட்டிக்கொண்டு ஓடுகிறார். விளையாட்டு, இசை, மலைநடை, திருவிழா, முதியோர் பராமரிப்பு என்று ஊரின் பொதுவாழ்வு முழுவதும் இத்தகைய சங்கங்களின் தோளில் நிற்கிறது. ஆகவே இங்கே புதியவர் உள்ளே நுழையும் வாசல் யாருடைய வரவேற்பறையிலும் இல்லை. ஒரு சிறிய பொறுப்பை எடுத்துக்கொண்டு, அதே கிழமையில் அதே இடத்துக்குத் தவறாமல் வந்து நிற்பவரை ஊர் தன் ஆளாக எண்ணத் தொடங்குகிறது. நட்பும் வீட்டு அழைப்பும் அதன் பின்னாலேயே வரும், அதுவும் மெதுவாகவே.

அந்த மரப்பலகை அப்படிப்பட்ட ஒரு பொறுப்புதான். அதை உங்களுக்கு வந்த கண்டனம் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் அழுதது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் பொருள் ஏறக்குறைய நேர்மாறானது. உங்கள் ஊர் அடங்கிய ஸ்வாபிய வட்டாரத்தில் ஒரே கட்டடத்தில் குடியிருப்போர் வாரமுறை வைத்துப் படிக்கட்டையும் வாசலையும் துப்புரவு செய்வார்கள். கேர்வோஹெ என்று அதற்குப் பெயர். ஸ்டுட்கார்ட்டில் 15-ஆம் நூற்றாண்டிலேயே இதன் வேர் இருந்ததாகச் சொல்வார்கள். பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் அவருடைய முறை. உள்முறையில் படிக்கட்டைக் கூட்டித் துடைத்து, கைப்பிடியையும் ஜன்னல் திட்டையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வெளிமுறையில் நடைபாதை, குப்பைத்தொட்டி நிற்கும் இடம், இலையுதிர் காலமென்றால் சருகு, குளிர்காலமென்றால் பனி. எந்தெந்த வேலை உங்கள் கட்டடத்தில் யாரைச் சேரும் என்பது வாடகை ஒப்பந்தத்தோடு தந்த வீட்டு விதிகளில் இருக்கும். கணவரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த கதவுக்கு மாற்றிவிட வேண்டும். நீங்கள் அதை ஜன்னலில் வைத்துவிட்டதால் முறை அங்கேயே நின்றுபோயிருக்கிறது. அந்த மூதாட்டி அதைத்தான் சொல்ல வந்திருப்பார் என்று நினைக்கிறேன். உங்களைக் குடித்தனக்காரராக எண்ணாத ஒருவர் அந்தப் பலகையை உங்கள் கதவில் மாட்டியிருக்க மாட்டார்.

இதைச் சீர்செய்ய இந்தச் சனிக்கிழமையே போதும். காலை ஒன்பது, பத்து மணிவாக்கில், மற்றவர்களும் வாசலில் நிற்கும் நேரமாகப் பார்த்து, மகளையும் உடன் வைத்துக்கொண்டு கூட்டுங்கள். குழந்தைகளுக்கென்று விற்கும் சிறு துடைப்பம் ஒன்றை அவள் கையில் கொடுத்தால் அவளும் வேலையில் சேர்ந்துகொள்வாள். முடிந்தபின் பலகையைக் கதவில் மாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அழைப்புமணியை அடித்து, கையில் கொடுத்து, உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். ‘போன முறை எனக்குப் புரியவில்லை, மன்னியுங்கள்’ என்பதை ஜெர்மனில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். இலக்கணப் பிழை இருந்தால் பாதகமில்லை. அவர் நீளமாகப் பதில் சொன்னால், மெதுவாகச் சொல்லும்படி கேளுங்கள். ஸ்வாபியப் பேச்சு வழக்கு வகுப்பில் கற்கும் ஜெர்மனிலிருந்து வெகுவாக வேறுபட்டது என்பது அவருக்கே தெரியும். பிற மாநிலத்து ஜெர்மானியர்களுக்கே அதைப் பின்தொடர்வது கடினம்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கக்கூடும், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. மதியத் தூக்கம் கலைந்ததிலிருந்து இருட்டும்வரை தொலைபேசியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்: குளிர்காலத்தில் இந்தியா உங்களைவிட நாலரை மணி நேரம் முன்னே இருக்கிறது. உங்களுக்கு மாலை மூன்று மணியாகும்போது அங்கே இரவு ஏழரை. வீட்டு வேலை முடிந்து அம்மாவும் அக்காவும் ஓய்வாக இருக்கும் நேரம். இயல்பாகவே உரையாடல் அந்த நேரத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஆனால் மூன்றிலிருந்து ஐந்து மணி வரைதான் உங்கள் ஊர் விளையாட்டுத் திடலுக்குத் தாய்மார்கள் குழந்தைகளோடு வருகிறார்கள். காலையில் நீங்கள் போய்ப் பார்த்தால் அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். மாலையில் எல்லாரும் இருக்கும்போது நீங்கள் வீட்டுக்குள் இருக்கிறீர்கள். அம்மாவோடு பேசுவதை விட்டுவிடுங்கள் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன், அந்தக் குரல்தான் உங்களை இத்தனை மாதம் தாங்கியிருக்கிறது. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காலை ஒன்பது மணிக்கு அழைத்தால் அங்கே பிற்பகல் ஒன்றரை. மழைச் சட்டையும் ரப்பர் காலணியும் போட்டுக்கொண்டு, தூறலிலும்கூடப் பிற்பகல் மூன்று மணிக்குத் திடலுக்குச் செல்லுங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் பேசாமல் போகலாம். அதே முகத்தைப் பலமுறை பார்த்தபின், யாருடைய மணல்வாளி எது என்ற குழப்பத்தில் தொடங்கி ஒருவர் பேசுவார்.

மகளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நான் வீட்டில்தானே இருக்கிறேன், எதற்கு என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். 2013 ஆகஸ்ட் முதல், ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பகல்நேரப் பராமரிப்பு இடம் பெறச் சட்ட உரிமை இருக்கிறது. தாய் வேலைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. நடைமுறையில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே ஊர் நகராட்சி அலுவலகத்தில் இப்போதே பதிவு செய்யுங்கள். இடம் கிடைத்ததும், முதல் சில நாட்கள் தாயோ தந்தையோ குழந்தையோடு அங்கேயே அமர்ந்து, பிறகு சிறிது சிறிதாக நேரத்தைக் குறைத்துக்கொள்ளும் பழக்குகாலம் ஒன்று உண்டு. அந்த நாட்களை மகளுக்காக மட்டும் என்று எண்ணாதீர்கள். பணியாளர்களையும் மற்றப் பெற்றோரையும் நீங்கள் அறிந்துகொள்ள அதைவிட இயல்பான சந்தர்ப்பம் வாய்க்காது. காப்பகத்தில் சேரும்வரை, உடற்பயிற்சிச் சங்கங்கள் வாரம் ஒருமுறை நடத்தும் பெற்றோர்–குழந்தை உடற்பயிற்சி வகுப்பில் சேருங்கள். அங்கே சொல்வதைப் பார்த்தே செய்துவிடலாம், மொழி பின்னால் வரட்டும். திருச்சபை மண்டபங்களில் கூடும் தவழும் குழந்தைகள் குழுவும் பெரும்பாலும் எல்லா மதத்தவருக்கும் திறந்ததே.

சங்கத்தில் சேர்வது என்றால் சந்தா கட்டிவிட்டு வகுப்புக்குப் போய்வருவது மட்டும் என்று இருந்துவிடாதீர்கள். கோடையிலும் கிறிஸ்துமஸுக்கு முன்னும் சங்கம் விழா நடத்தும். அதற்குச் சில வாரம் முன்னால், உதவியாளர் பட்டியல் ஒன்று கையிலிருந்து கைக்குச் சுற்றிவரும்: யார் எத்தனை மணிக்கு விற்பனை மேசையில் நிற்பது, யார் பாத்திரம் கழுவுவது, யார் கேக் கொண்டுவருவது. புதியவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டிவிடுகிறார்கள், தங்களைக் கேட்கவில்லை என்று நினைத்து. உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். பாத்திரம் கழுவும் வரிசையில் இரண்டு மணி நேரத்துக்குப் பெயர் எழுதுங்கள். வரவேற்பறையில் எதிரெதிரே அமர்ந்து அரைகுறை ஜெர்மனில் உரையாடுவது இரு தரப்புக்கும் சங்கடம். நீங்கள் கழுவ, பக்கத்தில் ஒருவர் துடைக்க, நடுநடுவே நாலு வார்த்தை பேசுவது யாருக்கும் கடினமில்லை. அன்றைக்குப் பின் தெருவில் அந்தப் பெண் உங்களுக்கு வணக்கம் சொல்வதோடு நிற்கமாட்டார்.

நீங்கள் கணித ஆசிரியை என்பதை ஊரில் யாராவது அறிவார்களா? ஜெர்மன் பள்ளிகளில் ஆசிரியராவதற்கு மாநில அரசின் அங்கீகாரமும் உயர்நிலை மொழித்தேர்ச்சியும் வேண்டும், அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் எட்டாம் வகுப்பு மாணவிக்குச் சமன்பாடு சொல்லிக்கொடுக்க அந்த அங்கீகாரம் தேவையில்லை. நீல அட்டை வைத்திருப்பவரின் துணைவர் என்ற முறையில் நீங்கள் வேலை செய்யவும் சுயதொழில் செய்யவும் அனுமதி பெற்றவர்தான். உங்கள் அட்டையோடு வந்த தாளில் அது எழுதப்பட்டிருக்கும். கட்டணம் வாங்கித் தனிப்பாடம் நடத்துவதற்கு முன்னால், பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ வீட்டுப்பாட உதவிக்குத் தொண்டர்கள் தேவையா என்று கேளுங்கள். கணிதக் குறியீடுகள் உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், ஏ2 நிலையிலேயே இதைத் தொடங்கிவிடலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் உங்கள் ஜெர்மனைத் திருத்துவார்கள், நீங்கள் அவர்கள் கணக்கைத் திருத்துவீர்கள். பத்து மாதமாக இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே அறியப்படும் உங்களுக்கு, உங்கள் தொழிலின் பெயரால் அறியப்படும் நாள் மிகவும் தேவை என்று நான் கருதுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது, வேலையைப் பற்றி இறந்தகாலத்தில் மட்டுமே நீங்கள் எழுதியிருந்ததுதான்.

உங்கள் கணவருக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும், இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும். மொழியைக் கற்றால் வழி பிறக்கும் என்று அவர் சொல்வது பாதி உண்மை. அவர் அலுவலகத்தில் ஆங்கிலம் போதுமானதாக இருந்திருக்கும், மதிய உணவுக்கு நாலு பேர் உடன் இருக்கிறார்கள், நாளெல்லாம் தமக்கு ஒரு பயன் இருப்பதாக உணர்கிறார். மனைவிக்கு அவற்றில் எதுவும் இல்லாத நிலையில், கற்றுக்கொள் என்பது அறிவுரை மட்டுமே, உதவி ஆகாது. வாரத்தில் இரு மாலைகள் குழந்தையை முழுமையாகப் பார்த்துக்கொண்டு, மக்கள் கல்விக்கூடத்தின் மாலை வகுப்புக்கோ சங்கத்துக்கோ மனைவியை அனுப்பினால் அதுதான் உதவி. கணவரும் கற்க வேண்டும் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நீல அட்டைக்காரர் உரிய வேலையில் இருந்து ஓய்வூதியச் சந்தா கட்டிவந்தால், பி1 நிலை ஜெர்மனோடு 21 மாதங்களில், ஏ1 நிலையோடு 27 மாதங்களில் நிரந்தர வசிப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்ட அவருக்கு அது இப்போது எட்டும் தூரத்தில் இருக்கிறது. இருவரும் ஒரே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இரவில் அரைமணி நேரம் உட்காருங்கள்.

கார் ஓட்டுவதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் மணிக்கொரு பேருந்து ஓடும் ஊரில் அது ஒரு பெண்ணின் நடமாட்டத்தையே தீர்மானிக்கிறது. இந்திய ஓட்டுநர் உரிமம் குடியேறிய ஆறு மாதம் வரைதான் செல்லும். உங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டதால் அதைக் கொண்டு இனி ஓட்டக்கூடாது. ஆயினும் செல்லுபடியாகும் உரிமம் கையில் இருந்தால், புதிதாகக் கற்பவர்களுக்குக் கட்டாயமான பயிற்சி நேரங்கள் உங்களுக்குக் கட்டாயமில்லை. கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு ஆகியவை மட்டும் வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்; ஓட்டும் தேர்வில் தேர்வாளர் ஜெர்மனில்தான் சொல்வார். வலப்புறம் செல்லும் போக்குவரத்துக்கும், பலகை இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடும் விதிக்கும் கை பழக, சில பயிற்சிகளைப் பணம் கட்டி எடுத்துக்கொள்வது நல்லது.

நிறம் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருபோதும் இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அப்படி நடந்துகொள்பவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிகழ்ச்சிகளில் அதற்கான சான்று இல்லை. வடக்கு ஜெர்மனியிலிருந்து இங்கே வந்து குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பமும், முதல் சில ஆண்டுகள் வெளியாளாகவே பார்க்கப்படுவதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டின் முன்னால் நிற்பவர் உங்களை உற்றுப் பார்த்தால், முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள். தெருவில் எதிர்ப்படுபவருக்கு வணக்கம் சொல்வது அவ்வட்டாரத்தில் எழுதாத விதி. சொல்லாமல் போவதுதான் அங்கே விலகலாகத் தெரியும். வீடு மறுக்கப்பட்டாலோ, வேலை மறுக்கப்பட்டாலோ, இழிசொல் வீசப்பட்டாலோ அது வேறு, பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். 2006-இல் இயற்றப்பட்ட சமநடத்தைச் சட்டம் வீடு, வேலை இரண்டையும் தழுவுகிறது. பாகுபாடு எதிர்ப்புக்கான கூட்டாட்சி அலுவலகத்திடம் சட்ட ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும். நாள், நேரம், சொன்ன சொல் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

குளிர்காலத்தைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பரில் அங்கே பகல் எட்டரை மணி நேரம்கூட நீடிக்காது, அதிலும் பாதி நாள் மூட்டம். வெளிச்சக் குறைவு மனநிலையைத் தாழ்த்துவது உண்மையான உடலியல் விளைவு. மேகமூட்டமான நாளிலும் மதியவேளையில் அரைமணி நேரம் வெளியே நடப்பது, வீட்டுக்குள் எல்லா விளக்குகளையும் எரியவிடுவதைவிடப் பலமடங்கு வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தரும். நவம்பர் 11-ஐ ஒட்டிப் புனித மார்ட்டின் நாளில் குழந்தைகள் காகித விளக்குகளை ஏந்தி மாலையில் ஊர்வலம் போவார்கள். பார்வையாளராக ஓரத்தில் நிற்காமல் மகள் கையிலும் ஒரு விளக்கைக் கொடுத்து நடக்கவிடுங்கள். பிப்ரவரியை ஒட்டி, மரமுகமூடி அணிந்தவர்கள் மணி குலுங்க வீதியில் ஆடிவரும் ஃபாஸ்னெட் திருவிழா வரும். மகள் பயந்துவிடாமல் இருக்க, இது வேடம்தான் என்று முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லி வையுங்கள்.

ஆனால் இவை எதுவும் செய்ய மனம் ஓடாத நிலை இருந்தால், அதாவது தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, குழந்தையின் சிரிப்புகூட உள்ளே எட்டாமல், காலையில் எழுவதே பாரமாக இருந்தால், ஊர்ப் பழக்கங்களைக் கற்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும், அதற்குச் சிகிச்சை உண்டு. குடும்ப மருத்துவரிடம் உடல் நோய்க்குச் செல்வதுபோலவே செல்லலாம். 116117 என்ற எண்ணில் உளச்சிகிச்சையாளரோடு முதல் சந்திப்புக்கு நேரம் ஏற்பாடு செய்து தருவார்கள். பொதுக் காப்பீட்டில் கணவரோடு நீங்களும் பதிவாகியிருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது எழுந்தால், ஒரு கணமும் தாமதிக்காமல் கணவரிடம் சொல்லி, 112-ஐ அழையுங்கள்.

ஸ்டுட்கார்ட்டுக்கு மாறுவது பற்றி: மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை, இப்போது முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன். தனிமையிலிருந்து தப்பிப்பதற்காக மட்டும் பெருநகரத்துக்குப் போனால், வாடகை கூடும், கணவரின் பயண நேரமோ வேலையோ மாறும், அங்கும் அவர் காலையில் கிளம்பிவிட்டபின் நீங்கள் அதே நாலு சுவரைப் பார்த்திருப்பீர்கள். டுட்லிங்கனிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு நேரடி ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். மாதம் ஒருமுறை அங்குள்ள தமிழர் கூட்டத்துக்கோ கோயிலுக்கோ குடும்பத்தோடு சென்று வாருங்கள். மகள் தமிழ் பேசும் பிள்ளைகளோடு விளையாடட்டும், நீங்களும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரு நாளைக் கழிக்கலாம். வாரந்தோறும் போக வேண்டாம். உங்கள் ஊர் ஒன்றுகூடுவதும் சனி, ஞாயிறுகளில்தான்.

வரும் செப்டம்பரை இருவரும் சேர்ந்து நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் பாடநெறியில் பெரும்பகுதி முடிந்திருக்கும், மகள் மழலையர் பள்ளியில் இருப்பாள், கணவரின் நிரந்தர வசிப்பு விண்ணப்பமும் ஒரு நிலைக்கு வந்திருக்கும். அந்த உரிமை கையில் இருந்தால் வேலை மாற்றிக்கொண்டு இடம்பெயர்வது எளிது. அன்றைக்கு மூன்று கேள்விகளை உங்களிடமே கேளுங்கள்: அவசரமென்றால் மகளை ஒரு மணி நேரம் விட்டுச்செல்ல இந்த ஊரில் ஒரு வீடாவது இருக்கிறதா? கணவர் இல்லாமல் நானாகப் போய்வரும் இடங்கள் வாரத்தில் இரண்டேனும் இருக்கின்றனவா? என் தொழிலை நோக்கி ஓர் அடியாவது வைத்திருக்கிறேனா? மூன்றுக்கும் இல்லை என்ற பதில்தான் என்றால் மாறிவிடுங்கள், அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். எல்லா ஊரும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. ஒன்றுக்காவது ஆம் என்றால் இன்னும் ஓராண்டு கொடுத்துப் பாருங்கள். எதுவாயினும், நகரத்துக்குப் போனாலும் உடன் வரக்கூடியது மொழிதான். ஆகவே மாவட்ட அலுவலகத்துக்கான கடிதம் திங்கட்கிழமைக்குள் போய்விடட்டும்.